காலையில் மட்டும் ஒழுகிய எஞ்சின்

ஒயில் எந்த இடத்தில் சொட்டுகிறதோ அந்த இடத்தில்தான் ஒழுகுகிறது என்று நினைக்கக் கூடாது. கண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த கராஜில் முதன்முதலாக விளங்கிக்கொண்டது இதைத்தான். கார் ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கிறது. எஞ்சினின் மேல்பக்கத்தில் ஏதோ ஒரு மூடி கசிந்தாலும் ஒயில் ஓரமாக வழிந்து, காற்றோடு பின்னால் போய், சம்பந்தமே இல்லாத ஒரு திருகாணியின் நுனியில் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோசனம் இல்லை.

அங்கே நான் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தார்கள். தோட்டத்துக்குப் பூசை வைக்க வரும் கத்தோலிக்கச் சுவாமியார் சொல்லி என்னைக் கண்டியில் படிக்கவிட்டார்கள். படித்து முடித்தால் கந்தோரில் மேசைக்கு முன்னால் உட்காருவேன் என்று அப்பா எதிர்பார்த்தார். உட்கார்ந்தேன்தான். ஆனால் என் மேசைக்கும் கார்கள் நிற்கும் கொட்டகைக்கும் நடுவே சுவர் இல்லை. இங்கிலீஷ் பேசும் துரைமார் வந்தால் காரில் என்ன குறை என்று கேட்டு மெக்கானிக்கிடம் சொல்வது என் வேலை. சொல்லிவிட்டுத் திரும்பிவர எனக்கு மனம் வராது. பக்கத்திலேயே நின்றுவிடுவேன். ஒரு தடவை தோட்டத்துக்குப் போனபோது அம்மா என் நகங்களைப் பார்த்துவிட்டு, இதற்குத்தானா படித்தாய் என்று கேட்டாள்.

பாஸ் என்று நாங்கள் கூப்பிட்ட தலைமை மெக்கானிக் யாழ்ப்பாணத்தவர். ரயில்வேயில் வேலை பழகியவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கொஞ்சம் குத்தலாக இருக்கும். நான் பக்கத்தில் நிற்பதை அவர் விரும்பினாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போகச் சொன்னதில்லை.

நான் சொல்ல வந்த கார் மடவளையைச் சேர்ந்த ஒருவருடையது. துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய பழைய இங்கிலீஷ் கார், நாலு சிலிண்டர். ஒரு தோட்டத்துத் துரை பாவித்துவிட்டு விற்றதை வாங்கி, கண்டி மார்க்கட் பக்கத்து ஸ்டாண்டில் வாடகை ஹயருக்கு விட்டிருந்தார். தானே டிரைவர். நான் அவரை, அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி, நானா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு அவர் மச்சானுடைய துணிக்கடையில் நின்று துணி அளந்தவர். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுருங்கிவிடும். மச்சான் கெட்டவர் இல்லையாம். ஆனால் வாடிக்கையாளர் முன்னால், "நீ விடு, நான் அளக்குறேன்" என்று கஜக்கோலைக் கையிலிருந்து வாங்கிவிடுவாராம். கார் வாங்கியதே அந்தக் கஜக்கோலை மறக்கத்தான் என்று ஒருமுறை சொன்னார்.

அந்தக் கார் ஒழுக ஆரம்பித்தது. கசிவு என்று சொல்ல முடியாது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருகிற இடத்தில், அடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக ஒயில் கொட்டியது. ஸ்டாண்டில் அவர் கார் நிற்கும் இடம் கறுத்துப்போனது. மற்ற டிரைவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. செக்கு வைத்திருக்கிறவருக்கு எதற்கு ஹயர் ஓட்டம் என்று கேட்டார்கள். தலைக்கு வைக்கக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒருவர் போத்தலோடு வந்து நின்றாராம். இதையெல்லாம் நானா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் ஒரு நாள் அந்தக் கறுப்பில் ஒரு நோனா அம்மாவின் சப்பாத்து வழுக்கி, விழப்போனவரைப் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. ஹயர் கார்களைச் சோதிக்கிற அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஒழுக்கு நிற்காவிட்டால் வரப்போகிற வருஷத்துக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் இல்லாவிட்டால் ஸ்டாண்டில் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விடும். போன இடம் திரும்பி வராது. பிறகு துணிக்கடைதான்.

பாஸ் வழக்கம்போலத் தொடங்கினார். எஞ்சினை மேலிருந்து கீழ்வரை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தோம். காய்ந்த பிறகு, டயர் டியூப்பில் பூசுகிற வெள்ளைத் தூளைத் துணியில் முடிந்து, எஞ்சின் முழுக்கத் தட்டினோம். மாவு பூசிய பலகாரம்போல இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒயில் முதலில் தலைகாட்டும் இடத்தில் தூள் நனைந்து கறுக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஊற்று எது என்று தெரிந்துவிடும்.

எஞ்சினின் பக்கவாட்டு மூடியைச் சுற்றிய தக்கைப் பட்டியில் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. பட்டி காய்ந்து வெடித்திருந்தது. மாற்றினோம். திரும்பக் கழுவி, தூள் தட்டி, கொட்டகையிலேயே நெடுநேரம் ஓடவிட்டோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நானா இரண்டு கையாலும் பாஸின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கராஜ் திறக்குமுன் கார் வாசலில் நின்றது. அடியில் குளம்.

"ராவு முழுக்க ஒரு சொட்டு இல்ல. காலையில எடுத்துக்கிட்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மேல ஏறுறேன், கிளச் வழுக்குது. இறங்கிப் பார்த்தா றோடு எல்லாம் ஒயில்," என்றார் நானா. கோபத்தைவிடப் பயம்தான் குரலில் இருந்தது.

பாஸ் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பின் பெயாரிங். எஞ்சினை இறக்கத்தான் வேணும். ஈயம் தேஞ்சிருக்கும், கொழும்புக்கு அனுப்பி ஊத்தி எடுக்கோணும்."

"எவ்வளவு நாளாகும், பாஸ்?"

"மாசம் ஒண்டு. கூடவும் ஆகலாம்."

லைசென்ஸ் சோதனை அடுத்த கிழமை. நானா காரின் மட்காட்டில் உட்கார்ந்துவிட்டார். யோசித்துச் சொல்வதாகக் கடைசியில் சொன்னார். அன்று பின்னேரம் வேறு அலுவலாக மார்க்கட் பக்கம் போன நான் ஸ்டாண்டில் அவர் காரைக் கண்டேன். நன்றாகக் குனிந்து அடியில் பார்த்தேன். ஒன்றும் சொட்டவில்லை. ஓட்டையின் விளிம்புகூடக் காயத் தொடங்கியிருந்தது.

"எப்பவும் இப்படித்தானா நானா?"

"காலையில காய்ச்சல், பின்னேரம் சொகம். ஒரு நாளும் தவறினதில்ல."

இது எனக்கு ஒத்துவரவில்லை. ஒயில் குளிரில் தடித்திருக்கும், சூட்டில் தண்ணீர்போல இளகும். பெயாரிங் தேய்ந்திருந்தால், நாள் முழுக்க ஓடிச் சூடேறிய பின்னேரத்தில்தான் அதிகமாக ஒழுக வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. மறுநாள் பாஸிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமல் கேட்டார்.

"அப்ப என்ன சொல்லுறீர்?"

"என்னன்னு தெரியல பாஸ். ஆனா காலையில என்னமோ நடக்குது."

"காலமை அவற்ற வீட்டைதானே நடக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாரும். திங்கக்கிழமை நான் எஞ்சினை இறக்கிறன்."

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து மடவளைக்குப் போனேன். நானாவின் வீடு பெரிய றோட்டிலிருந்து மேலே பிரிகிற ஒற்றைப் பாதையின் ஓரத்தில் இருந்தது. பாதை முழுக்கச் சரிவு. கார் மூக்கைக் கீழே வைத்து, முன்சில்லுகளுக்கு முன்னால் கல் கொடுக்கப்பட்டு நின்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மலைநாட்டில் ஹயர் ஓட்டுகிற யாரும் ராவில் காரை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். விடிகாலைக் குளிரில் ஹேண்டில் சுற்றினால் எஞ்சின் திருப்பி அடிக்கும், மணிக்கட்டுப் போய்விடும். இறக்கத்தில் நின்றால் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரில் போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். நானாவுக்கு ஒருமுறை கை சுளுக்கி நோன்பு மாதம் முழுவதும் கட்டோடு திரிந்ததால், அவர் இதில் மிகவும் கண்டிப்பு.

உள்ளேயிருந்து கித்துள் கருப்பட்டியும் பிளேன் டீயும் வந்தன. நான் குடித்துக்கொண்டிருக்கும்போது நானா, "நீங்க இரிங்க தம்பி, நான் வண்டிய ரெடி பண்றேன்" என்று எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு காருக்குப் போனார். பொனற்றைத் திறந்தார். கம்பியை இழுத்தார், துடைத்தார், திரும்பவும் விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பின் சீட்டிலிருந்து ஒரு ஒயில் டின்னை எடுத்து வந்து பிஸ்மி சொல்லி ஊற்றத் தொடங்கினார். ஊற்றியது கொஞ்சமல்ல.

நான் கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

"நானா, இது தெனமும் ஊத்துறதா?"

"ஊத்தாம? ஒழுகுறது கொஞ்சமா? காலையில பார்த்தா கம்பி நுனியிலதான் ஈக்கிது. கோடு வரைக்கும் ஊத்திட்டுத்தான் எடுக்குறது. ஒயில்ல நான் கஞ்சத்தனம் பார்க்குறதில்ல."

அந்தக் கம்பி எஞ்சினின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் நான் யோசித்தேன். பின்பக்கம். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டு நீளமானது. கார் மூக்கைக் கீழே வைத்து நின்றால் அதிலிருக்கிற ஒயில் எல்லாம் முன்னால் ஓடிவிடும். பின்னால் இருக்கிற கம்பியில் நுனிதான் நனையும். கோடு வரைக்கும் ஊற்ற வேண்டுமென்றால் தேவைக்கு மேலே எவ்வளவோ ஊற்ற வேண்டும். பிறகு கார் கண்டிக்கு ஏறும்போது மூக்கு மேலே போகிறது. அவ்வளவு ஒயிலும் பின்னால் பாய்ந்து, எஞ்சின் தண்டு வெளியே வருகிற பின் பெயாரிங்கை மூழ்கடித்து வெளியே கொட்டுகிறது. மிஞ்சினது கொட்டி முடிந்ததும் ஒழுக்கும் நின்றுவிடுகிறது. அதனால்தான் பின்னேரம் சுகம். அதனால்தான் கராஜுக்கு வந்து சேரும்போது பாஸ் இழுத்துப் பார்த்த கம்பியில் அளவு சரியாக இருந்தது.

இதை நான் மூச்சுவிடாமல் நானாவிடம் சொன்னேன். அவர் டின்னைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எல்லாரும்தானே இறக்கத்துல நிறுத்துறாங்க. அவங்க காரு ஒழுகல்லியே."

ஒவ்வொரு காரிலும் கம்பி ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது, சிலர் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள் என்றேன். துரை வைத்திருந்தபோது பங்களாவில் சமமான சிமெந்துத் தரையில் நின்ற கார் இது என்றும் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. சமதரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்தது. காரை உருட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்தி, ஒயில் ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். கம்பியை நானாவையே இழுக்கச் சொன்னேன். ஒயில் கோட்டைத் தாண்டி, கோட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கும் அதிகமாக நனைத்திருந்தது.

நானா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், காரு வேணாம் வேணாம்னு துப்பிக்கிட்டு இருந்திருக்கு, இவர் ஊட்டிக்கிட்டே இருந்திருக்கிறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானாவுக்குக் காது சிவந்தது.

அடித்திருகைக் கழற்றி மிஞ்சின ஒயிலை இறக்க வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒழுகுற பானையில இருந்து இன்னும் அள்ளச் சொல்றீங்க. எஞ்சின் இறுகிப் போனா, எனக்கு வேற கதியில்ல. தெரியும்தானே?"

தெரியும். நான் கிளார்க், மெக்கானிக் அல்ல. பாஸும் பக்கத்தில் இல்லை. ஆனால் கம்பி பொய் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த கம்பியைத் திரும்பவும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். கோட்டுக்குச் சரியாக வரும்வரை டின்னில் இறக்கினேன். பிறகு அவரும் நானும் ஏறிக் கண்டி வழியாகக் கடுகண்ணாவைக் கணவாய் வரை போய், கீழே இறங்கித் திரும்ப ஏறினோம். கிளச்சை மிதித்து மிதித்து விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே வந்து நிறுத்தி இரண்டு பேரும் றோட்டில் படுத்துப் பார்த்தோம். ஓட்டையின் விளிம்பில் பழைய ஈரம் இருந்தது. சொட்டு இல்லை.

திங்கட்கிழமை பாஸ் எஞ்சினை இறக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காரின் மூக்குக்கு ஜாக் வைத்துத் தூக்கினார். ஒரு போத்தல் ஒயில் கூடுதலாக ஊற்றி ஓடவிட்டார். பின்னால் உடனே கொட்டியது. கூட ஊற்றியதை இறக்கினார். நின்றது. "ஓம்," என்றார். பிறகு கிளச் பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய ஈரத்தையும் போக்கிக் கொடுத்தார். பெயாரிங் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும் என்று தன் கட்சியை விடாமல் சொல்லிக்கொண்டார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

சோதனைக்கு நானும் போனேன். அதிகாரி பறங்கிக்காரர், இங்கிலீஷ்தான் பேசுவார்; நானாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வாவிப் பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வந்ததும் அதிகாரிக்குக் கார் ஞாபகம் வந்துவிட்டது. ஒழுக்குக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். தக்கைப் பட்டி ஒன்று மாற்றினோம், மற்றப்படி ஒன்றும் செய்யவில்லை, ஒயில் கூடிப்போயிருந்தது, குறைத்தோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு ஒழுகிய காரில் ஒயிலைக் குறைத்துவிட்டுச் சோதனைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா, இங்கே சொட்டாமல் இருக்க இறைத்துவிட்டு வந்த வேலையா இது என்று கேட்டார். நான் சொன்ன உண்மை அவர் காதில் அப்படித்தான் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன நடக்கிறதென்று நானா என் முகத்தைப் பார்த்தார். கம்பியை எடுத்துப் பாருங்கள், அளவு சரியாக இருக்கிறது என்று அதிகாரியிடம் மன்றாடினேன். அவர் பார்த்தார். பிறகும் விடவில்லை. முன்சீட்டில் ஏறிக்கொண்டு, டவுனுக்கு மேலே ஏறுகிற செங்குத்தான றோட்டில் போகச் சொன்னார். நான் பின்னால் உட்கார்ந்தேன். நானா கீழ்க் கியரில் எஞ்சினை முக்க வைத்து ஏற்றினார். வழியிலேயே அதிகாரி, மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தச் சொல்லி, சில்லுக்குக் கல் வைக்கச் சொன்னார். எஞ்சினை நிறுத்த விடவில்லை. கொண்டுவந்த பத்திரிகைத் தாளை விரித்துக் காருக்கு அடியில் தள்ளினார்.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தாளில் ஒரு சொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

நானா நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி தாளை இழுத்து எடுத்து, ஈரத்தில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர், ரேடியேட்டர் கொதிக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கீழே வந்ததும் லைசென்ஸ் எழுதிக் கொடுத்தார்.

நானா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். கராஜில் என்னை இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரை எடுத்தார். அதிகாரி கேட்டதையும் நான் சொன்னதையும் வழியில் அவருக்கு விளக்கினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது வேறு.

"தம்பி, பெயாரிங் மாத்தினோம்னு ஒரு சொல் சொல்லியிருந்தா அவன் அங்கேயே எழுதிக் குடுத்திருப்பான். மலையெல்லாம் ஏறி என் உயிரு போயிட்டு வந்திச்சு."

"மாத்தலியே நானா."

"மாத்தலதான். அவனுக்குத் தெரியுமா?"

"கேட்டா என்ன செய்றது?"

"இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதைச் சொல்லித் தரல்லியா?"

அதற்குள் ஸ்டாண்டைத் தாண்டப் போனோம். அங்கே பெட்டியும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் நின்றது. வேறு கார் எதுவும் இல்லை. நானா பிரேக் போட்டார்.

"எறங்குங்க தம்பி, ஹயர் நிக்கிது."

இறங்கினேன். பிள்ளைகளில் ஒன்று என் இடத்தில் ஏறி உட்கார்ந்தது. நானா பெட்டியை வாங்கிப் பின்னால் கட்டிவிட்டு, எங்கே போக வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கராஜுக்கு நடந்தேன்.